தீவில் கேட்ட ‘போட்டு வாறன்’

எங்கள் வீட்டில் ‘போறன்’ என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் மட்டுமென்ன, எங்கள் ஊரான கரவெட்டியில் எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். சந்திக் கடைக்கு நெருப்புப்பெட்டி வாங்கப் போனாலும் ‘போட்டு வாறன்’ தான். கனடாவுக்கே குடிபெயர்ந்து போனாலும் ‘போட்டு வாறன்’ தான். போய்விட்டு வருகிறேன் என்பது எங்கள் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. வீட்டில் நிற்கிறவர் ‘போட்டு வா’ என்று மறுமொழி சொல்ல வேண்டும். தப்பித்தவறி ஒரு பிள்ளை ‘போறன்’ என்று சொல்லிவிட்டால், குசினிக்குள் நிற்கிற தாய் அகப்பையோடு ஓடிவந்து திருத்துவாள்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லால் வானம் இடிந்து விழாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அகப்பையோடு ஓடுகிறவர்களில் நானும் ஒருத்தி.

என் மகன் யப்பானுக்குப் புறப்பட்ட அன்று அவனை ஏற்றிப்போக ஒரு வான் வண்டி வாசல் படலையடியில் வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றினான். என்னைக் கட்டிப்பிடித்தான். பிறகு வீட்டைப் பார்த்து, “அம்மா, நான் போறன்” என்றான்.

“வாறன் எண்டு சொல்லு மோனை” என்றேன்.

அவன் சொல்லவில்லை. வானில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினான். வான் நெல்லியடிப் பக்கம் திரும்பும்வரை நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனுடைய அப்பா அங்கே இல்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டுமென்று அதற்கு முன்பே தோட்டத்துக்குள் போய்விட்டார்.

இரண்டு பேருக்கும் அதற்கு முந்திய மாதம் முழுக்கச் சண்டை. மகனுக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை கிடைத்திருந்தது. என் கணவர் அதைத் தேநீர்க்கடையில் சொன்னார், கோயில் வீதியில் சொன்னார், தலைமயிர் வெட்டுகிற இடத்திலும் சொன்னார். தோட்டக்காரனின் பிள்ளை மேசை கதிரையில் இருக்கப்போகிறான் என்ற பெருமை அவருக்கு. இவனோ கணினி வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு யாழ்ப்பாணத்தில் யப்பான் மொழி படித்திருக்கிறான். முதியவர்களைப் பராமரிக்கிற வேலைக்குப் போகப்போகிறேன், கந்தோர் வேண்டாம் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னான்.

“ஏன், எங்கடை ஊரிலை கிழடுகள் இல்லையெண்டே அங்கை போய்க் கிழடுகளைப் பாக்கப்போறாய்?” என்று கேட்டார் அவர்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது என்பதுதான் கஷ்டம். நியாயமான கேள்விக்கு இருபத்தைந்து வயதுப் பிள்ளை என்ன மறுமொழி சொல்லும்? எழும்பிக் கை கழுவினான்.

அவன் புறப்பட்ட நாள் தொடக்கம் அவர் மகனோடு கதைப்பதில்லை. நான் வீட்டு மண்டபத்தில் இருந்து வீடியோவில் மகனோடு கதைக்கும்போது, அவர் வானொலியையும் எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விடுவார். ஆனால் வானொலியின் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார். நான் தொலைபேசியை வைத்த பிறகுதான் செய்தி உரக்கக் கேட்கத் தொடங்கும். வருடக்கணக்காக இந்த நாடகம் நடந்தது. எனக்குச் சில நேரம் சிரிப்பு வரும், சில நேரம் வானொலியைத் தூக்கிக் கிணற்றுக்குள் போடலாம் போலிருக்கும்.

நான் ஓய்வு பெற்ற வருடம் மகன் என்னை வரச்சொல்லிக் கேட்டான். அப்போது அவன் யப்பானின் தெற்கே ஒரு தீவில் வேலை செய்துகொண்டிருந்தான்.

“அம்மா, இஞ்சை றொக்கெட் விடுற இடம் இருக்கு. நீங்கள் கரும்பலகையிலை கீறிக் காட்டினதை நேரிலை பாக்கலாம். போர்த்துக்கேயர் முதல்முதல் துவக்கோடை வந்து இறங்கின இடமும் இதுதான். கடற்கரையளும் நல்ல வடிவு.”

என்னைப் பிடிக்க என்ன தூண்டில் போட வேண்டுமென்று அவனுக்குத் தெரியும். பலூனை ஊதிக் கைவிட்டுக் காட்டித்தான் தாக்கத்தையும் மறுதாக்கத்தையும் நான் படிப்பித்தேன். பலூன் மேசைக்கடியில் போய் விழும், பிள்ளைகள் சிரிப்பார்கள். உண்மையான றொக்கெட் ஒன்று எழும்புவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டுமென்ற ஆசை எனக்கு எப்போதும் இருந்தது.

“நீங்களும் வாங்கோ” என்று கணவரிடம் சொன்னேன்.

“தோட்டத்தை ஆர் பாக்கிறது?” என்றார். பிறகு, “நீர் றொக்கெட் பாக்கப் போறீரோ, ஆளைப் பாக்கப் போறீரோ?” என்றார்.

“ரெண்டையும்தான்.”

அவர் வெங்காயத் தாளைக் கிள்ளிக்கொண்டே, “அவன் வரோணும் எண்டு நான் சொல்லேல்லை. வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும். எனக்கு அது காணும்” என்றார்.

அதுதான் நான் கொண்டுபோன வேலை. பெட்டியில் பருத்தித்துறை வடையும் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் இருந்தன. அவற்றை விடப் பாரமானது இதுதான்.

விமானம், பிறகு இன்னொரு விமானம், அதற்குப் பிறகு ஒரு வேகக் கப்பல். புறப்பட்ட துறைமுகத்துக்கு எதிரேயே ஓர் எரிமலை புகைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சனங்கள் சாதாரணமாகப் பை தூக்கிக்கொண்டு கப்பலேறினார்கள். விஞ்ஞானம் படிப்பித்தவளுக்கு அது ஒன்றே போன காசுக்குப் பெறுமதி.

தீவில் இறங்கியபோது மகன் நின்றான். மெலிந்திருந்தான். தாய்மார் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் இவன் உண்மையாகவே மெலிந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளை லொறியும் அதன் சொந்தக்காரியும். என் வயதிருக்கும். தலையில் துணி கட்டி, முழங்கால்வரை றப்பர் சப்பாத்துப் போட்டிருந்தாள். மகன் அறை எடுத்திருந்த வீட்டின் உரிமையாளர் அவள்தான். றொக்கெட் பார்க்க வருகிறவர்களுக்கும் அலைமேல் பலகை ஓட்ட வருகிறவர்களுக்கும் முன்பக்க அறைகளை வாடகைக்குக் கொடுப்பாள், பின்னால் கிழங்குத் தோட்டம் செய்வாள். என் பெட்டியை என் கையிலிருந்து பறித்து லொறியில் எறிந்தாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. சில நாள் கழித்துப் பிடிக்காமலும் போனது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல்நாள் காலைச் சாப்பாட்டில் நான் தவித்துப்போனேன். அம்மா மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார் என்று மகன் சொல்லி வைத்திருந்தான். அவளும் கவனமாக மரக்கறிச் சூப் வைத்திருந்தாள். நான் கோப்பையை வாயில் வைக்கப் போகும்போது மகன், “அம்மா, அது மீன் அவிச்ச தண்ணி” என்றான். இந்த ஊரில் மீன் தண்ணீரை மீனாகவே கணக்கெடுக்க மாட்டார்களாம். நான் கோப்பையை இறக்கியதைக் கண்டு அவளுடைய முகம் வாடியது. ஓடிப்போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, “பான்” என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். தட்டில் இருந்தது பேக்கரிப் பாண், துண்டு துண்டாக வெட்டியது.

“ஓம்! பாண்!” என்று கத்தினேன். அவளும் “பான், பான்” என்று கத்தினாள். போர்த்துக்கேயன் இரண்டு ஊரிலும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சிரித்துப் பேசினோம். மற்றச் சொற்கள் இல்லாத குறை தெரியவில்லை. அதோடு அவள் தன் தோட்டத்து இனிப்பான வற்றாளைக் கிழங்கும் அவித்துத் தந்தாள். நான் பனங்கட்டியை உடைத்துக் கொடுத்தேன். அதை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

போர்த்துக்கேயரைப் பற்றி அடுத்தநாள் அருங்காட்சியகத்தில் இன்னும் பார்த்தேன். புயலில் அடிபட்டு வந்த கப்பலில் இருந்தவர்களிடம் அந்தத் தீவின் தலைவன் இரண்டு துவக்குகளை, நீளக் குழல் துப்பாக்கிகளை, வாங்கினானாம். ஊர்க் கொல்லன் அதைக் கழற்றிப் பார்த்துத் தானே செய்யப் பழகினானாம். கண்ணாடிப் பெட்டிக்குள் துவக்குகள் நீளம் நீளமாகப் படுத்திருந்தன. இங்கே வந்தவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். எங்களிடம் வந்தவர்கள் கோயில்களை இடித்தார்கள், கோட்டை கட்டினார்கள், வரி வாங்கினார்கள். கடைசியில் அலுமாரியையும் கதிரையையும் குசினியையும் பாணையும் எங்கள் வாயில் விட்டுவிட்டுப் போனார்கள். ஒரே ஆட்கள்தான், இறங்கிய இடம் வேறு. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று எனக்குக் கோபம் வந்தது. யாரிடம் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை. காவலுக்கு நின்ற பெரியவர் என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். நானும் வணங்கிவிட்டு வெளியே வந்தேன்.

றொக்கெட்டோ போகிற வழியாக இல்லை. கடலோரமாக ஏவுதளம் இருந்தது. எதிரே இருந்த மேட்டிலிருந்து பார்த்தால் புல்வெளி, வெள்ளை மணல், நீலக் கடல், நடுவில் அந்தக் கோபுரங்கள். வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. ஆனால் காற்றுச் சரியில்லை என்று ஏவுவதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அந்தச் செய்தி ஊர் ஒலிபெருக்கியில் வந்தது. எங்கள் கோயில் ஒலிபெருக்கியில் திருவிழா ஒத்திவைத்த செய்தி சொல்வதைப் போல ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. வீட்டுக்காரி கிழங்குத் தோட்டத்தில் நின்றபடி வானத்தைப் பார்த்து ஏதோ திட்டினாள். அடுத்த திகதியைக் கேட்டேன். நான் ஊருக்குத் திரும்பிய பிறகு வருகிற திகதி. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வயதில் றொக்கெட்டுக்காக அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

இனி, அவளைப் பிடிக்காமல் போன கதை.

மகன் வேலைக்குப் போகும்போது வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக் கட்டுவான். அந்த வீடுகளில் வாசலோடு ஒரு படி இருக்கும். படிக்கு மேலே வீட்டுச் செருப்பு, படிக்குக் கீழே வெளிச் சப்பாத்து. கட்டி முடித்ததும் உள்ளே திரும்பி, “இத்தெகிமாஸ்” என்பான். குசினிக்குள்ளிருந்து அவள், “இத்தெரஷாய்” என்று நீட்டிச் சொல்வாள். கையில் என்ன வேலை இருந்தாலும் சொல்வாள். ஒருநாள் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். குளியலறைக்குள்ளிருந்தும் அந்தச் சத்தம் வந்தது.

“என்ன தம்பி அது?” என்று கேட்டேன்.

“சும்மா சொல்லுறதம்மா.”

சும்மா சொல்கிறதை அவன் ஏன் என் முகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்? நான் எத்தனை பிள்ளைகளைக் கண்டவள். வீட்டுப்பாடம் செய்யாமல் வருகிற பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். அவனுடைய விடுமுறை நாள்வரை காத்திருந்தேன்.

அன்று அவன் என்னை ஒரு கடற்கரைக்குக் கூட்டிப்போனான். அங்கே பாறையைக் கடல் குடைந்து பெரிய குகையாக்கி வைத்திருந்தது. வற்றுக்கடலில்தான் உள்ளே போகலாம். கடல் பெருகினால் வாசல் மூடிவிடும். உள்ளே ஈர மணல், மேலே கறுத்த பாறை, வாசலுக்கு வெளியே அலை. பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் புதிதில்லை. ஆனால் எங்கள் கடல் வீட்டு முற்றம்வரை வந்து நிற்குமே தவிர, இப்படி ஆளை உள்ளே கூப்பிடாது. அங்கே வைத்து அந்த வாசல் சொல்லைப் பற்றித் திரும்பவும் கேட்டேன்.

அவன் ஒரு சிப்பியைக் காலால் புரட்டினான். “போட்டு வாறன் எண்டு அர்த்தம் அம்மா. அவ சொல்லுறது, போட்டு வா எண்டு.”

எனக்குக் காது சூடாகியது.

“அப்ப எங்கடை வீட்டை விட்டு வரேக்கை போறன். உந்த வீட்டை விட்டு ஒவ்வொரு நாளும் போட்டு வாறன். அப்பிடியே?”

“அம்மா…”

“பெத்தவை சொல்லச் சொன்னதுக்கு வாய் திறக்கேல்லை. கிழங்கு விக்கிறவவுக்குத் தினமும் சொல்லுறாய்.”

அது அநியாயமான பேச்சு. அவள் எனக்குப் பாண் தந்தவள். ஆனால் அந்த நேரம் அவளுடைய றப்பர் சப்பாத்துக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. என் பிள்ளையின் வாயிலிருந்து நான் கேட்டு வாங்க முடியாத சொல்லை அவள் குளித்துக்கொண்டே வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

மகன் மணலில் இருந்துவிட்டான். நானும் இருந்தேன். அவன் கதைக்கத் தொடங்கினான். அவன் வேலை செய்கிற இல்லத்தில் ஒரு வயதான பெண் இருக்கிறாளாம். பின்னேரமானால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, போட்டு வாறன் என்று சொல்வாளாம். அவளுடைய வீட்டை இடித்து எவ்வளவோ காலமாகிவிட்டதாம்.

“முதல்நாள் நான், ‘உங்கடை வீடு இஞ்சைதானே, எங்கை போறீங்கள்’ எண்டு கேட்டனான். குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதா. பிறகு கூட வேலை செய்யிற பெரியவை சொல்லித் தந்தவை, போட்டு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டுக் கூடவே நட எண்டு. இப்ப நான் அவவோடை தோட்டத்தைச் சுத்தி ஒருக்கா நடப்பன். திரும்பி வாசலுக்கு வந்தவுடனை, வந்திட்டன் எண்டு சொல்லுவா. வந்திட்டீங்களோ எண்டு நான் சொல்லோணும். பிறகு சந்தோசமா சாப்பிடுவா.”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“வாறன் எண்டு சொல்லுறவைக்கு வாசலிலை ஒராள் நிண்டு மறுமொழி சொல்லோணும் அம்மா. தனிய ஒராள் சொல்லுற சொல்லு இல்லை அது.” மணலை ஒரு கை அள்ளி விட்டான். “அண்டைக்கு அப்பா படலையடியிலை நிக்கேல்லை. நான் ஆருக்குச் சொல்லுறது?”

“நான் நிண்டனானே.”

“நீங்கள் நிண்டனீங்கள். உங்களுக்கு நான் சொல்லாமலே தெரியும்.”

அவனைத் திட்டவும் முடியவில்லை, கட்டிப்பிடிக்கவும் தோன்றவில்லை. அவனுக்காகவும் அவனுடைய அப்பாவுக்காகவும் சேர்த்து நெஞ்சு வலித்தது. இரண்டு பேரும் ஒரே அச்சு. வெளியே அலை கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. “எழும்புங்கோ, வாசல் மூடப்போகுது” என்று அவன் கை தந்தான். என் சேலைக் கரை நனைந்துதான் வெளியே வந்தோம்.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரி என் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருப்பதைக் கண்டு, “பொத்தான்” என்றாள். ஆமாம், அதுவும் அதே சொல்தான். ஊசி நூல் எடுத்து, என்னை நிற்கவைத்தே தைத்துவிட்டாள். அவளுடைய தலை என் நெஞ்சுக்குக் கிட்ட இருந்தது. தலையில் மண் வாசம். என் பிள்ளைக்கும் இப்படித்தான் தைத்துக் கொடுத்திருப்பாள். குகைக்குள் நான் அவளைச் சொன்னது அவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் தைத்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

புறப்படுகிற நாள் வந்தது. அவள் லொறியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள், ஆனால் துறைமுகத்துக்கு மகன்தான் ஓட்டிப்போக இருந்தான். அவள் வீட்டுப் படியில் நின்றாள். நான் வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு என் செருப்பைக் கொளுவினேன். எனக்கு அவளிடம் எவ்வளவோ சொல்ல இருந்தது. இருந்த சொற்களோ பாணும் பொத்தானும். விடைபெறுகிற நேரம் எங்களூர்ப் பெண் வாயில் என்ன வரும்? எனக்குத் தெரிந்த மூன்றாவது சொல் தானாக வந்தது.

“இத்தெகிமாஸ்” என்றேன்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். மகன் திடுக்கிட்டு, “அம்மா, அது வீட்டாக்கள் சொல்லுறது. வேலைக்குப் போய்ப் பின்னேரம் வாற ஆக்கள் சொல்லுறது. விருந்துக்கு வந்தவை வேறை மாதிரிச் சொல்லோணும்” என்றான்.

“எங்கடை ஊரிலை விருந்துக்கு வந்தவையும் இதைத்தான் சொல்லுவினம். போறன் எண்டு சொல்லச் சொல்லுறியே என்னை?”

வீட்டுக்காரியின் கண் கலங்கியிருந்தது. நிமிர்ந்து நின்று, குசினிக்குள்ளிருந்து சொல்வதைப் போலவே நீட்டி, “இத்தெரஷாய்” என்றாள். பிறகு மகனிடம் ஏதோ கேட்டாள். அவன் சிரித்தான்.

“எப்ப திரும்பி வருவீங்கள் எண்டு கேக்கிறா. சாப்பாடு வைக்கிறதோ எண்டு கேக்கிறா.”

அவள் பகிடி விட்டாளோ, உண்மையாகக் கேட்டாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. “றொக்கெட் போகேக்கை எண்டு சொல்லு” என்றேன். அவள் தலையாட்டினாள். குனிந்து, நான் கழற்றிவிட்ட வீட்டுச் செருப்பை எடுத்தாள். விருந்தாளிகளின் செருப்பு வைக்கிற தட்டு இடப்பக்கம் இருந்தது. அவள் அதை வலப்பக்கம், மகனுடைய செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கப்பலடியில் நான் கடைசியாகக் கேட்டேன். “தம்பி, அப்பா ஒரு சொல்லுத்தான் கேட்டவர். அதைச் சொல்லன், நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்.”

“நான் என்னண்டம்மா சொல்லுறது? போறது நீங்கள். நிக்கிறது நான்.” என் பையைக் கையில் தந்தான். “நிக்கிறவன் சொல்லுறதைத்தான் நான் சொல்லலாம். போட்டு வாங்கோ அம்மா.”

கப்பல் புறப்பட்டது. வந்த வேலை முடியவில்லை. றொக்கெட்டும் இல்லை, சொல்லும் இல்லை. மகனிடம் ‘வாறன்’ என்ற சொல்லை வாங்கப் போன நான், நானே திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கப்பலில் பக்கத்திலிருந்த பெண் எனக்கு ஒரு கடதாசிக் கைக்குட்டை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவுவதற்குள் கணவர் கேட்டார். “சொன்னவனோ?”

“இல்லை. போட்டு வாங்கோ எண்டவன்.”

“அது போறவைக்குச் சொல்லுறது.”

“ஓம். நான்தானே போனனான்.”

அவர் கதிரையில் இருந்தார். நான் குகைக்குள் நடந்த கதையைச் சொன்னேன். இல்லத்து மூதாட்டியின் சப்பாத்தையும் தோட்டத்தைச் சுற்றுவதையும் சொன்னேன். அப்பா படலையடியில் நிக்கேல்லை என்று அவன் சொன்னதையும் சொன்னேன். அதுவரை குனிந்திருந்தவர் நிமிர்ந்தார்.

“ஆர் சொன்னது நான் நிக்கேல்லையெண்டு?”

“நீங்கள் இறைக்கப் போட்டியள்.”

“எங்கை இறைச்சனான்? தண்ணி மெசின் சத்தம் கேட்டனீரோ? வாழைக்குப் பின்னாலை நிண்டனான். மெசினை இழுத்தால் அவன் சொல்லுறது கேக்காது எண்டு இழுக்காமல் நிண்டனான்.” அவருடைய குரல் உடைந்தது. “அவன் போறன் எண்டு சொன்னது அங்கை வரைக்கும் கேட்டது.”

எனக்கு வந்த கோபத்தில் கண்ணீர் முட்டியது. “வாழைக்குப் பின்னாலை நிண்டால் பிள்ளைக்கு எப்பிடியப்பா தெரியும்?”

இவ்வளவு காலமும் ஒருவன் படலையடியில் அப்பா இல்லையென்று நினைத்திருக்கிறான், மற்றவர் வாழைக்குப் பின்னால் நின்று கேட்டதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் பத்து வாழைகூட இல்லை.

அடுத்த கிழமை மகன் வீடியோவில் வந்தான். மத்தியான வேலைக்குப் புறப்படுகிற நேரம் அவனுக்கு, எங்களுக்கு இன்னும் காலை. அவன் வாசல் படியில் தொலைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சப்பாத்துக் கட்டினான். பின்னால் செருப்புத் தட்டுத் தெரிந்தது. என் செருப்பு இன்னும் வலப்பக்கம்தான் இருந்தது. கணவர் வழமைபோல வானொலியோடு விறாந்தையில். வானொலிச் சத்தம் அன்று அறவே இல்லை.

“சரி அம்மா, நேரமாகுது” என்றான் மகன்.

கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. கணவர் வந்து என் தோளுக்கு மேலால் குனிந்தார். வீடியோவில் அவருக்குப் பழக்கமில்லை, திரையில் நெற்றியும் திருநீறும்தான் தெரிந்திருக்கும். மகன் சப்பாத்து நாடாவை விட்டுவிட்டு அப்படியே பார்த்தான். என் கணவர் தொண்டையைச் செருமினார்.

“போட்டு வா” என்றார்.

மகன் சொல்லாத சொல்லுக்கு மறுமொழி. முறைப்படி பார்த்தால் பிழை. மகன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து, ஒன்றும் தெரியாமல், குசினிக்குள்ளிருந்து வீட்டுக்காரி வழமைபோல நீட்டி, “இத்தெரஷாய்” என்றாள்.

அவன் சிரித்தான், அழுதான், இரண்டும்தான். “போட்டு வாறன் அப்பா” என்றான்.

வேலைக்குப் போய் வருவதைச் சொன்னானோ, வீட்டுக்கு வருவதைச் சொன்னானோ, நாங்கள் கேட்கவில்லை. கணவர் தலையாட்டிவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் மெசின் சத்தம் கேட்டது.